சாயம் வெளுக்கும் மீன்கள்

"அண்ணா, நேத்து வாங்கிட்டுப் போன மீனு வெளுத்துப் போச்சுண்ணா. இங்க இருக்கும்போது செக்கச்செவேல்னு இருந்துச்சு."

பூந்தமல்லி கரையான்சாவடியைச் சுற்றி வண்ணமீன் விற்கும் எந்தக் கடையிலும் திங்கட்கிழமை மாலையில் இந்தப் புகாரைக் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்து இரண்டு ஜோடி மீனும் ஒரு கண்ணாடித் தொட்டியும் வாங்கிப் போனவர்கள், மறுநாள் கைப்பேசியில் எடுத்த படத்தோடு வந்து நிற்பார்கள். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "லைட்டை அணைச்சுட்டு ஒரு நாள் சும்மா விடுங்க. மருந்து எதையும் ஊத்தாதீங்க." வாங்கியவருக்கு அது தட்டிக்கழிக்கிற பேச்சாகப் படும். பதில் சரியானதுதான், ஆனால் அது பாதிக் கதை. மீன் வெளுப்பதற்கு ஒரு காரணம் அதன் தோலில் இருக்கிறது. இன்னொரு காரணம், கடையில் அது காட்டிய நிறம் எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள இந்த வியாபாரத்தின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

புரட்டினால் முதல் பக்கமே உள்ளூர்ப் பக்கமாக அமைகிறது. 1800 ஏப்ரலில், திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ஃபிரான்சிஸ் புக்கானன் மைசூர்ச் சீமையை ஆய்ந்து வரச் சென்னையிலிருந்து புறப்பட்டார். அனுப்பியவர் கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி. புக்கானனின் முதல் தங்கல் குன்றத்தூர். போகிற வழியில் செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்து வியந்து பயணக் குறிப்பில் எழுதினார். ஏழெட்டு மைல் நீளம், மூன்று மைல் அகலம். தோண்டிய ஏரி அல்ல, இரண்டு மேட்டு நிலங்களுக்கு நடுவே கரை கட்டி மறித்த நீர். மழை பொய்த்தாலும் 32 ஊர்களின் நிலத்துக்கு 18 மாதம் பாய்ச்சப் போதும் என்று கேட்டறிந்ததையும் பதிந்து வைத்தார். இன்று அதே ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. பாசனம் போய்ச் சென்னையின் குடிநீராகிவிட்டது. பூந்தமல்லிக்காரர்களுக்கு மழைக்காலம் வந்தால் இந்த எண்கள் மனப்பாடம்.

புக்கானன் அப்போது ஏரியைத்தான் பார்த்தார், மீனை அல்ல. மீன் பின்னால் வந்தது. வங்காளத்தில் பல ஆண்டு பணிபுரிந்து, ஊர் திரும்பி, தாய்வழிச் சொத்தோடு ஹாமில்டன் என்ற பெயரும் சேர்ந்த பிறகு, 1822-ல் கங்கை மீன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அறிவியல் அதுவரை அறியாத நூற்றுக்கும் மேற்பட்ட மீன்கள் அதில் இருந்தன. அவற்றில் மூன்றை இன்றைய மீன் கடையில் நின்றபடியே காட்டிவிடலாம்: உடம்பில் நீலக் கோடு ஓடும் ஜீப்ரா டேனியோ, முள்ளும் குடலும் வெளியே தெரியும் கண்ணாடி மீன், சிவப்பும் நீலமும் சாய்வரியாக ஓடும் குள்ள கௌராமி. சுண்டுவிரல் நீளமுள்ள இந்த மூன்று இந்திய மீன்களையும் பின்னால் வந்த வியாபாரம் மூன்று விதமாக நிறம் ஏற்றி விற்றது. ஒன்றுக்கு மரபணு, ஒன்றுக்கு ஊசி, ஒன்றுக்கு ஹார்மோன்.

அந்தக் கதைக்கு வருமுன், மீன் கண்ணாடிக்குள் வந்த கதை. தங்கமீனைக் குளத்திலும் ஜாடியிலும் வளர்ப்பது சீனாவில் பல நூற்றாண்டுப் பழக்கம். ஆனால் மூடிய தொட்டியில், தண்ணீரை அடிக்கடி மாற்றாமல், மீனைப் பிழைக்க வைக்க முடியும் என்று காட்டியவர் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாவதை 1850-ல் அறிவித்தார். 1853-ல் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் மீன் இல்லம் திறந்தது. அடுத்த ஆண்டு ஃபிலிப் கோஸ் எழுதிய புத்தகம் நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் தொட்டியைக் கொண்டுபோய் வைத்தது.

சென்னை அப்போது மீனுக்குப் பெயரிடுவதில் இருந்தது. ராணுவ மருத்துவரான ஃபிரான்சிஸ் டே 1865-ல் திருவிதாங்கூர் மலைப்பக்கம் முண்டக்கயத்திலிருந்து கிடைத்த ஒரு கெண்டைக்கு அன்றைய சென்னை கவர்னர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். கறுப்புக் கோட்டுக்கு மேலே ரத்தச் சிவப்புக் கோடு ஓடும் அந்த மீனை யாரும் 130 ஆண்டு கண்டுகொள்ளவில்லை. 1997-ல் சிங்கப்பூர் அக்குவாராமா கண்காட்சியில் மூன்றாம் பரிசு வாங்கியதும் 'மிஸ் கேரளா' என்ற பெயரில் விமானம் ஏறத் தொடங்கியது. ஆற்றிலிருந்து அள்ளிய அள்ளலில் இன்று அது அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில். கவர்னர் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது கடைசியில் பண்ணைக் குஞ்சு பொரிப்புதான்.

பொதுமக்கள் காசு கொடுத்து மீனை வேடிக்கை பார்த்தது 1909 அக்டோபரில். மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்தது. திட்டம் போட்டவர் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். பூங்கா நகர் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் பிரித்து வைத்திருந்த ஊர் இது. கடற்கரைத் தொட்டி உயிர் காலேஜ் கணக்கில் சேர்ந்தது. 1919-ல் மீன்வளத் துறைக்குக் கைமாறி, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் குண்டு பயம் பரவிய 1942-ல் மூடப்பட்டது. பழைய பொலிவு திரும்பவே இல்லை.

வீட்டுக்கு மீன் வந்தது வேறு வழியில். அதிலும் முதலில் வந்தது அழகுக்காக அல்ல. தென்னமெரிக்க குப்பி 1910-ஐ ஒட்டியும், கம்பூசியா 1928-ல் இத்தாலியிலிருந்தும் இந்தியாவுக்கு வந்தது மலேரியாக் கொசுவின் புழுவைத் தின்னத்தான். சென்னை மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாகக் கிணற்றில் கம்பூசியா விட்டுப் போனதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிணற்று மீனைக் கயிற்று வாளியில் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றிய பிள்ளைகள்தான் இந்த ஊரின் முதல் தலைமுறை மீன் வளர்ப்பாளர்கள் என்று சொன்னால் தவறில்லை. கொஞ்சம் காசு சேர்ந்தால் மூர் மார்க்கெட். 1900-ல் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டித் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்தில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல் இவற்றோடு ஃபைட்டர் மீனும் கோல்டு ஃபிஷும் விலைபேசக் கிடைத்தன. 1985 மே 30 அன்று அது எரிந்தது. பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கும் பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் மீன்காரர்கள் சிதறினார்கள்.

ஆனால் நகரத்தின் மீன் வரைபடம் மாறியதற்குத் தீ மட்டும் காரணமல்ல. அதற்குள் இரண்டு பொருள்கள் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருந்தன: பாலித்தீன் பை, சிலிண்டரில் அடைத்த ஆக்சிஜன். மண்பானையிலும் தகர டின்னிலும் தண்ணீரைத் தளும்பத் தளும்பச் சுமந்த காலத்தில் மீனை ரயிலில் கொண்டுபோவதே பெரும்பாடு. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மேலே ஆக்சிஜன், முறுக்கி ரப்பர் பேண்டு போட்டு, தெர்மோகோல் பெட்டியில் அடுக்கினால் சிங்கப்பூர் மீன் மறுநாள் மீனம்பாக்கத்தில். மீன் ஒரு பார்சல் சரக்காக மாறியது இப்படித்தான். கவருக்குள் வெளுக்கிற மீனும் இந்தத் தொழில்நுட்பத்தோடு பிறந்ததுதான்.

கொளத்தூர் எழுந்ததும் இதன் பின்னேதான். ரெட்டேரிக்கும் புழலுக்கும் மாதவரத்துக்கும் நடுவே, கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் இருந்த பகுதி அது. 1980-களிலும் 90-களிலும் கொல்லைப்புறத்தில் நாலு சிமென்ட் தொட்டி கட்டி மோலி, பிளாட்டி, குப்பி என்று குட்டி போடும் மீன்களில் ஆரம்பித்தவர்கள், மெல்ல ஏஞ்சல், ஃபைட்டர், கோல்டு ஃபிஷ் என்று முட்டையிடும் மீன்களுக்கு நகர்ந்தார்கள். மொட்டைமாடியிலும் தொட்டி, குத்தகை நிலத்தில் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்த குட்டை. பெண்கள் குஞ்சு பிரிப்பார்கள். ஆண்கள் விடியுமுன் சாக்கடை வாய்க்கால்களில் டியூபிஃபெக்ஸ் புழு அள்ளி வருவார்கள். கூவத்தின் சேறுதான் இந்த ஊர் மீனைக் கொழுக்க வைத்தது என்பது கேட்க ஒருமாதிரி இருந்தாலும் நிஜம். ஞாயிறு அதிகாலை கூடும் மொத்தச் சந்தைக்கு ஆந்திரா, கர்நாடகா வரையிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். ஏற்றுமதியில் கொல்கத்தா முன்னே நின்றாலும், உள்நாட்டுக் கடைகளுக்கு மீன் பெருக்கித் தரும் இடமாகக் கொளத்தூர் பெயர் வாங்கியது. மீன்வளப் பல்கலைக்கழகம் மாதவரத்தில் வண்ணமீன் தொழில்நுட்பப் பூங்கா வைத்ததும், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் வில்லிவாக்கத்தில் வண்ணமீனுக்கென்றே வர்த்தக மையம் கட்டியதும் இந்தத் தொட்டிக்காரர்களைப் பார்த்துத்தான்.

கரையான்சாவடிக்கு மீன் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். தூரம் அதிகமில்லை. ஆனால் மீனின் கணக்கில் பார்த்தால் ஒரே வாரத்தில் நாலு தண்ணீர்: வளர்த்தவர் தொட்டி, சந்தைக் கவர், கடைத் தொட்டி, வாங்குபவர் வீடு. ஒவ்வொன்றிலும் உப்பு வேறு, வெப்பம் வேறு, வெளிச்சம் வேறு. பையன் கையில் கவர் ஆட ஆட, டிரங்க் ரோட்டில் மெட்ரோ தூண்களுக்கு அடியில் பைக்கில் வந்து சேரும் மீன் வெளுக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

வெளுப்பு எப்படி நடக்கிறது என்பதை முதலில் ஒழுங்காகத் துருவியவர்களில் ஒருவர் கார்ல் வான் ஃபிரிஷ். தேனீயின் நடனத்தைப் படித்து 1973-ல் நோபல் வாங்கிய அதே ஆள். தேனீக்கு வருமுன், 1911 வாக்கில், அவர் ஆராய்ந்தது ஐரோப்பிய ஓடை மீன் ஒன்றின் நிற மாற்றத்தை. மீனின் தோலில் கறுப்பு, மஞ்சள், சிவப்பு நிறமிகளைத் தாங்கிய செல்கள் கிளைவிரித்துக் கிடக்கின்றன. கண்ணாடிச் சில்லுபோல ஒளியைத் திருப்பி அனுப்பும் செல்கள் தனி. நிறமித் துகள்கள் கிளைகளெங்கும் பரவினால் மீன் அடர்நிறம். எல்லாம் செல்லின் நடுவே ஒரு புள்ளியாகச் சுருண்டால் வெளுப்பு. சுருளச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து நரம்பு வழியே போகிறது என்பதை ஃபிரிஷ் காட்டினார். பயந்த மீன் சில நொடிகளில் வெளுப்பது அந்த நரம்பின் வேலை. நிறமி எங்கும் போய்விடவில்லை, ஒடுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

மெதுவான வெளுப்பு வேறு ரகம். அடியில் வெள்ளைக் கல், பின்னால் வெற்றுக் கண்ணாடி, மேலே கண் கூசும் எல்.இ.டி. இப்படிப்பட்ட தொட்டியில் மீன் தன்னை வெளிறிய சூழலுக்கு ஏற்பப் பொருத்திக்கொள்கிறது. இதை நடத்தும் ஹார்மோனை 1983-ல் ஜப்பானிய ஆய்வாளர் கவாவுச்சியின் குழு சால்மன் மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தது. மீனை வெளுக்க வைக்கும் அதே பொருள் மனித மூளையில் பசியோடு சம்பந்தப்பட்டது என்று பின்னால் தெரிந்து, மருந்துக் கம்பெனிகள் அதன் பின்னால் ஓடின. கடையில் கறுப்புப் பின்னணித் தாளும் கரிய மணலும் வைத்திருப்பது அலங்காரத்துக்கு மட்டுமல்ல என்பது இப்போது புரியும். அங்கே மீன் இருட்டாகத் தெரிய முயல்கிறது. வாங்குபவர் அதை நிறம் என்று படிக்கிறார்.

ராத்திரியில் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதறுகிறவர்களும் உண்டு. நியான் டெட்ராவின் நீலக்கோடு தூக்கத்தில் மங்கிவிடும், டேனியோவின் பட்டையும் அப்படியே. விடிந்து அரைமணியில் திரும்பிவிடும். அதற்கு மருந்து கேட்டுக் கடைக்கு ஓடியவர்கள் பலர்.

அப்படியானால் புதிதாக வந்த வெளிறிய மீனுக்கு என்ன செய்வது? கடைக்காரர் சொன்னதன் உள்ளர்த்தம் இதுதான். கவரை அவிழ்க்காமல் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகும். பிறகு தொட்டி நீரைக் கவருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். கவர்த் தண்ணீர் சாக்கடைக்கு. உள்ளூரில் வாங்கிய மீனுக்கு இது போதும். ஒரு நாளுக்கு மேல் பையில் கிடந்து வந்த மீன் என்றால் கணக்கு மாறும். மூடிய பையில் கரியமில வாயு கூடக் கூடத் தண்ணீர் அமிலமாகும். அந்த அமிலத்தில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, அமிலம் தணிந்து, அதே அம்மோனியா விஷமாகத் திரும்பும். அந்த மீனைத் திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுநீர் விட்டுப் 'பழக்குவது' நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதல். வெப்பத்தைச் சமமாக்கிவிட்டுச் சட்டென மாற்றுவதே நல்லது. பிறகு விளக்கை அணைத்து, ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டி ஓடு போட்டு, அன்றைக்குத் தீனி போடாமல் விட வேண்டும். இங்கேதான் வீட்டுப் பெரியவர்களின் மனசு கேட்காது. "பாவம், பசிக்கும்ல" என்று ஒரு கை தீனி விழுகிறது. தின்னாத தீனி ராத்திரியே அழுகத் தொடங்குகிறது.

தண்ணீர்தான் இந்தப் பக்கத்தின் தனிப் பிரச்சினை. செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையம் நாள் ஒன்றுக்கு 53 கோடி லிட்டர் தயாரிக்கக் கட்டப்பட்டது. அது பெரும்பாலும் சென்னை நகரத்துக்குப் போகிறது. ஏரிக்கரை ஊர்களில் பல வீடுகள் போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் குடிக்கக் கேன் தண்ணீரையும் நம்பியிருக்கின்றன. மூன்றும் மீனுக்கு மூன்று உலகம். போர் தண்ணீரின் கடினம் மோலிக்கும் குப்பிக்கும் ஒத்துப்போகும், நியானுக்கு ஒத்துக்காது. லாரித் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் குளோரின்; செவுளை எரிக்கும். அகலமான பக்கெட்டில் ஒரு நாள் வைத்தால் பறந்துவிடும், அவசரமென்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் இரண்டு சொட்டு. சுத்தமென்று நம்பி முழுக்கக் கேன் தண்ணீரை ஊற்றுவதுதான் மோசம். தாது எல்லாம் உறிஞ்சி எடுத்த அந்த நீரில் மீன் தன் உடம்பு உப்பைக் காப்பாற்றிக்கொள்ளத் திணறும். முதலில் போவது நிறம்.

புதுத் தொட்டி இன்னொரு கண்ணி. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்குகிறவர்கள் அந்தப் பாக்டீரியாவுக்கு முன்னால் மீனை அனுப்பிவைக்கிறார்கள். பத்தாம் நாள் வெளுத்து மேலே வந்து வாயைப் பிளக்கும் மீனுக்கு நீல மருந்து ஊற்றினால், வந்து சேர்ந்திருந்த கொஞ்சநஞ்ச பாக்டீரியாவும் செத்துப்போகும். தேவைப்படுவது மருந்து அல்ல, கால்வாசித் தண்ணீர் மாற்றம்.

நோயே இல்லை என்று சாதிப்பதும் தவறு. செதிலில் உப்பு தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள், துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் ஒதுங்குவது, கல்லில் உடம்பைத் தேய்ப்பது இவை வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியின் அடையாளம். அப்போது லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் கல்லுப்பு பெரும்பாலான மீன்களுக்கு உதவும். முதுகில் சேணம் போட்டதுபோலப் பால்நிறத் திட்டு படர்ந்தால் பாக்டீரியா. நியான் டெட்ராவில் சிவப்பும் நீலமும் இடையிடையே அழிந்து, விடிந்தும் திரும்பாவிட்டால், அந்த மீனின் பெயரிலேயே ஒரு நோய் உண்டு. தசைக்குள் புகும் நுண்ணுயிரி, 1941-ல் விவரிக்கப்பட்டது. அதற்கு மருந்தில்லை. பிரித்து வைப்பது மற்ற மீன்களைக் காப்பாற்றத்தான்.

இத்தனையும் சரியாக இருந்தும் வெளுக்கிற மீன்கள் உண்டு. அங்கேதான் 1822 நூலின் மூன்று மீன்கள் திரும்ப வருகின்றன.

குள்ள கௌராமியில் ஆண்தான் வண்ணம்; பெண் மங்கிய வெள்ளி. ஆணும் பருவம் வந்தால்தான் மின்னும். அதுவரை தீனி போட்டுக் காத்திருக்க மனமில்லாத தென்கிழக்காசியப் பண்ணைகள் சில ஆண் ஹார்மோனைத் தீனியிலோ நீரிலோ கலந்தன. குஞ்சு அவசரமாகப் பழுத்தது. பெண்ணுக்கும் கோடு ஏறியது. வாங்கிப் போன வீட்டில் ஹார்மோன் யார் கொடுப்பார்கள்? சில வாரத்தில் நிறம் இறங்கும். முட்டைக்கு வைத்துப் பார்த்தவர்களுக்கும் ஏமாற்றம்தான், அப்படி வளர்ந்த மீன்கள் பல இனப்பெருக்கத்துக்கு உதவாது.

கண்ணாடி மீனுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. நிறமே இல்லாததுதான் அதன் அழகு. அதன் முதுகோரத்தில் ஊசியால் ஒளிரும் பச்சை, பிங்க் சாயத்தை ஏற்றி 1980-களிலிருந்து 'டிஸ்கோ மீன்' போன்ற பெயர்களில் விற்றார்கள். மீன் கையளவுகூட இல்லை. அதில் பல இடங்களில் குத்து. சாயம் ஏற்றிய மீன்களில் லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ் கட்டி அதிகம் வந்ததைப் பின்னால் ஆய்வு காட்டியது. 1990-களில் பிரிட்டனில் மீன் வளர்ப்போர் இயக்கம் நடத்திப் பல கடைகளை இதை விற்காமல் இருக்கச் செய்தார்கள். சென்னைக் கடைகளில் இன்று நீலம், ஊதா, இளஞ்சிவப்பு என்று மிட்டாய் நிறத்தில் தெரியும் விடோ டெட்ராக்களில் சிலவும் சாயம் ஏறியவைதான். அந்த இனத்தின் சொந்த நிறம் சாம்பல், கறுப்புப் பாவாடை. ஆறேழு மாதத்தில் சாயம் வெளுத்து அது தன் நிறத்துக்கு வந்தால், நோய் என்று நினைத்து மருந்து வாங்கியவர் கைக்காசு போனதுதான் மிச்சம்.

டேனியோவின் கதை நேர் எதிர். 1970-களில் அமெரிக்காவின் ஓரிகானில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் வளர்ப்புமீன் கடையில் வாங்கி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோன இந்த மீன், இன்று எலிக்கு அடுத்தபடியாக உயிரியலின் செல்லம். 1999-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜெல்லிமீனின் ஒளிரும் மரபணுவை அதற்குள் நுழைத்தார்கள். நீர் மாசைக் காட்டிக்கொடுக்கும் மீன் செய்வது நோக்கம். 2003 கடைசியில் அது அமெரிக்கக் கடைகளில் வளர்ப்பு மீனாக விலைக்கு வந்தது. இந்த நிறம் தண்ணீர் கெட்டாலும் அவ்வளவாக வெளுக்காது, குஞ்சுக்கும் தொடரும். அதனாலேயே அது இன்னொரு விதத்தில் ஏமாற்றும். மீன் சோர்ந்து கிடப்பதை நிறம் சொல்லாது. துடுப்பையும் மூச்சையும்தான் பார்க்க வேண்டும்.

தீனியால் வரும் நிறம் நேர்மையானது, ஆனால் அதுவும் நிலையல்ல. சிவப்பையும் மஞ்சளையும் தரும் கரோட்டினாய்டுகளை மீனால் தானே உண்டாக்க முடியாது, தின்றுதான் சேர்க்க வேண்டும். குட்டையில் பாசியும் பூச்சியும் தின்று வளர்ந்த கொளத்தூர் கோல்டு ஃபிஷ், வீட்டில் மலிவான உருண்டைத் தீனி மட்டும் தின்றால் சில மாதத்தில் ஆரஞ்சிலிருந்து வெளிர் மஞ்சளாகும். ஸ்பைருலினா கலந்த தீனி, காய்ந்த இறால் தூள் கொஞ்சம் கொடுத்தால் மெல்ல ஏறும். மெல்ல என்பது வாரக்கணக்கு.

அரசு ஒருமுறை இந்த வியாபாரத்துக்குள் கை வைத்துப் பார்த்தது. 2017 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் கடைகளுக்கு விதிகள் அறிவித்தது. மீனை உருண்டைக் கிண்ணத்தில் வைக்கக் கூடாது, கடையில் மீன் நலம் தெரிந்த ஆள் வேண்டும் என்பவற்றோடு, 158 வகை மீன்களுக்கு ஒரு தடைப்பட்டியலும் இருந்தது. கொளத்தூர் கொதித்தது. பட்டியலைப் போட்டவர்களுக்குத் தொழில் தெரியவில்லை என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் இருந்தது. விதிகளைப் பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கிண்ணத்தைப் பற்றிய நல்ல வரியும் பட்டியலோடு சேர்ந்து போனது. சாயம் ஏற்றிய மீனைச் சாயம் ஏற்றியது என்று சொல்லி விற்கக் கட்டாயப்படுத்தும் ஒரு வரி அதற்கு மாற்றாக வந்திருந்தால், திங்கட்கிழமைப் புகார்களில் ஒரு பங்கு குறைந்திருக்கும்.

வெளிநாடு போகும் மீனுக்குத் தனித் தொட்டியில் சில நாள் நிறுத்தி, நோயில்லை என்று சான்று வாங்கும் முறை இருக்கிறது. உள்ளூர்ச் சங்கிலியில் அதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஞாயிறு காலை சந்தையில் எடுத்த மீன் ஞாயிறு மாலைக்குள் கைமாறிவிடுகிறது. ஆக அந்தத் தனிமைத் தொட்டியை வைக்க வேண்டியது வாங்குகிறவர். அதற்குக் கண்ணாடி வேண்டாம். இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஓடித் தேய்ந்த பழைய ஏரேட்டர், ஒளிய ஓர் ஓடு. இரண்டு மூன்று வாரம். மீனை விடுமுன் டப்பின் அடி என்ன நிறம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளை டப் என்றால் நோயில்லாத மீனும் வெளுத்துத்தான் தெரியும். கறுப்போ கரும்பச்சையோ நல்லது. மேலே ஒரு வலை மூடியும் வேண்டும். புது மீன் முதல் இரண்டு நாள் துள்ளும், கரையான்சாவடிச் சந்துகளில் பூனைக்கும் பஞ்சமில்லை.